ஒப்படைப்பா, கைமாற்றா? – கம்பியில்லா வலையில் நடமாடும் கருவிகள்

அறிவியல் தமிழ்த் தாளுக்கான உள்மதிப்பீட்டுத் தேர்வில் கலைச்சொல்லாக்கம் குறித்து ஒரு வினா அமைத்திருந்தேன். தொலைத்தொடர்பில் வழங்கும் பத்துச் சொற்களைத் தந்து அவற்றிற்குத் தமிழ் எழுதுமாறு கேட்டிருந்தேன். அவற்றுள் ஒன்று 'ஹேண்ட்ஆஃப்'. நான் எதிர்பார்த்த விடை 'ஒப்படைப்பு'. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் 'கைமாற்று' என்று எழுதியிருந்தார். கைமாற்று என்பது எழுத்தும் சாட்சியுமின்றி அவசரத்திற்கு வாங்கித் திருப்பித் தரும் சிறுகடன் அன்றோ? சிவப்பு மையால் அடித்துவிட்டேன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட மாணவர், "ஐயா, அங்கே எதை, யார், யாரிடம் ஒப்படைக்கிறார்கள்?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு எனக்கு விடை தெரியவில்லை. அகராதியில் சொல் இருந்தது; பொருள் என்னிடம் இல்லை. கணிப்பொறி அறிவியல் துறை நண்பர்களிடம் பல மாலைப்பொழுதுகள் அமர்ந்து கேட்டறிந்தவற்றையும், அவர்கள் தந்த நூல்களில் படித்தறிந்தவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

கண்ணறையும் தளநிலையமும்

வானொலி அலை குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் மெலிந்துவிடும். கிடைக்கும் அலைவரிசைகளோ சிலவே. ஒரு நகரம் முழுவதற்கும் வலிமை மிக்க ஒரே நிலையத்தை நிறுவினால், அச்சில அலைவரிசைகளின் எண்ணிக்கை அளவிற்கே ஒரே நேரத்தில் பேச முடியும். இதற்குத் தீர்வாக, நகரத்தைத் தேனடையின் அறைகள் போலச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, அறைக்கொரு வலிமை குறைந்த நிலையத்தை வைத்து, ஓர் அறையில் பயன்பட்ட அலைவரிசையைச் சற்றுத் தள்ளிய மற்றோர் அறையிலும் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1947 டிசம்பரில் ஓர் உள்குறிப்பாக எழுதி வைத்தனர். இவ்வறையையே கண்ணறை என்கிறோம். ஊரார் 'டவர்' என்று வழங்குவது அக்கண்ணறையின் தளநிலையம்.

கருத்து எளிது, ஆனால் அது நடைமுறைக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் முதல் வணிகக் கண்ணறைச் சேவை சிகாகோ நகரில் 1983 அக்டோபர் 13 அன்றுதான் தொடங்கியது. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு தில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியது முதல் கைப்பேசி உரையாடலாகக் குறிக்கப்படுகிறது. காலம் தாழ்ந்தமைக்கு அரசின் அலைவரிசைக் கொள்கையும் ஒரு காரணம். எனினும் பொறியியல் நோக்கில் பெருந்தடையாக நின்றது ஒன்றே. பேசிக்கொண்டே ஒருவர் காரில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சென்றுவிட்டால் பேச்சு அறாமல் காப்பது எப்படி? பேச்சைப் பழைய நிலையம் விடவேண்டும்; புதிய நிலையம் ஏற்கவேண்டும்; பேசுபவர் அதனை உணரவே கூடாது. இவ்விடுதலும் ஏற்றலுமே 'ஹேண்ட்ஆஃப்'. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல் என்பார் இதற்கு வகுத்த இணைப்பு முறைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார்.

மாணவர் கேட்ட வினாவின் முதற்பகுதிக்கு இப்போது விடை கூறலாம். ஒப்படைக்கப்படுவது பேச்சு அன்று; பேச்சைச் சுமந்து செல்லும் பொறுப்பு. அடுத்த பகுதியே எனக்குச் சுவையாக இருந்தது: ஒப்படைக்கும் நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்பவர் யார்?

முதல் தலைமுறைக் கைப்பேசிக்கு இதில் பங்கே இல்லை. தளநிலையங்களே அதன் அலைவலிமையை அளந்தன. இணைப்பகமே முடிவு செய்தது. 1990களில் பரவிய ஜி.எஸ்.எம். முறையில் கைப்பேசியும் பணியாற்றத் தொடங்கியது. பேச்சினூடே ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு முறை, துல்லியமாகச் சொன்னால் 480 மில்லி நொடிக்கு ஒரு முறை, தன்னைச் சூழ்ந்த நிலையங்களுள் வலிமை மிக்க ஆறின் அளவைத் தன் நிலையத்திற்குத் தெரிவிக்கும். முடிவு நிலையத்தாரிடமே இருக்கும். 1997இல் தரப்படுத்தப்பட்ட வை-ஃபை முறையிலோ நிலைமை தலைகீழ். எந்த நிலையத்தை விடுவது, எதைப் பற்றுவது என்பதைக் கருவியே முடிவு செய்யும்.

அம்முடிவை அது நன்றாகச் செய்கிறதா என்றால், பல வேளைகளில் இல்லை. விடுதி மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்வர்: அறைக்கு எதிரிலேயே புதிய வை-ஃபை பெட்டி இருக்கும், கைப்பேசியோ கீழ்த்தளத்தின் மெலிந்த அலையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். விட்டபின் அடுத்ததைத் தேடவும் நேரமாகிறது. ஒவ்வோர் அலைவரிசையாகச் சென்று, குரல் கொடுத்து, மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். ஒப்படைப்பில் ஏற்படும் காலத்தாழ்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் இத்தேடலுக்கே செலவாகிறது என மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 2003இல் அளந்து காட்டினர்.

நிலைமொழியும் வருமொழியும்

பழைய நிலையத்தை நிலைமொழி என்றும் புதிய நிலையத்தை வருமொழி என்றும் வகுப்பில் கூறினேன். தமிழ் மாணவர்கள் உடனே பற்றிக்கொண்டனர். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் கூடுமிடத்தில்தானே விகாரங்கள் அனைத்தும் நிகழ்கின்றன! ஒப்படைப்பிலும் எல்லையில்தான் தொல்லை.

எல்லையில் நிற்பவனுக்கு இரு நிலையங்களின் அலையும் ஏறக்குறைய ஒரே வலிமையுடையன. ஒரு பேருந்து குறுக்கே சென்றால் ஒன்று மெலியும். அது கடந்தால் மீண்டும் வலுக்கும். வலியது எதுவோ அதையே பற்றுக என்று விதி செய்தால், பொறுப்பு இரு நிலையங்களுக்கும் இடையே பந்தாடப்படும். ஆகவே புதியது பழையதினும் குறிப்பிட்ட அளவு, சான்றாக 3 டெசிபல், மிகுந்திருக்க வேண்டும். அம்மிகுதி சிறிது நேரம் நீடிக்கவும் வேண்டும் என்று விதிக்கின்றனர். 3 டெசிபல் என்பது ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல். இவ்வரம்பைக் குறைத்தால் பந்தாட்டம்; கூட்டினால் பேச்சு அறுந்தபின்தான் ஒப்படைப்பு. இடத்திற்கும் வேகத்திற்கும் ஏற்ப இதனை அமைப்பதே பொறியாளரின் அன்றாடத் தொழில்.

ஒப்படைக்கும் முறை இருவகை. ஒன்றை விட்டபின் மற்றொன்றைப் பற்றுவது ஒன்று, ஜி.எஸ்.எம். அத்தகையது. மற்றொன்றைப் பற்றியபின் முன்னதை விடுவது இன்னொன்று, சி.டி.எம்.ஏ. கைப்பேசிகள் எல்லையில் இரு நிலையங்களோடும் ஒரே நேரத்தில் பேசின. பின்னது மேலானதாகத் தோன்றும். ஆயினும் ஒருவருக்கு இரு நிலையங்களின் வளம் செலவாகிறது. நான்காம் தலைமுறை அமைப்பு முதல்வகையையே மேற்கொண்டது. ஆனால் பழைய நிலையம் தன்னிடம் வந்து சேர்ந்த தரவுகளைப் புதிய நிலையத்திற்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டது. மாற்றலாகிச் சென்றவரின் கடிதங்களைப் பழைய அலுவலகம் திருப்பி அனுப்புவது போல.

பெயரா, இடமா?

கடிதம் என்றதும் முகவரி நினைவிற்கு வருகிறது. இணையத்தில் கருவிக்கு வழங்கப்படும் ஐ.பி. முகவரி இரு வேலைகளைச் செய்கிறது. 'இன்னார்' என்று அடையாளம் காட்டுகிறது. 'இன்ன இடத்தில்' என்று இருப்பிடத்தையும் காட்டுகிறது. கணிப்பொறிகள் மேசையை விட்டு நகராத காலத்தில் இதனால் தீங்கில்லை. கருவி நடக்கத் தொடங்கியதும் இரண்டும் முரண்பட்டன. இடம் மாறியதற்காக முகவரியை மாற்றினால், நடந்துகொண்டிருந்த தொடர்பு 'இவர் வேறொருவர்' என்று கருதி அறுந்துபோகும். மாற்றாவிட்டால், தரவுகள் பழைய இடத்திற்கே சென்று வீணாகும்.

1996 அக்டோபரில் வெளியான நடமாடும் ஐ.பி. நெறிமுறை இதற்கு ஒரு வழி கண்டது. சார்லஸ் பெர்க்கின்ஸ் என்பார் அதன் பதிப்பாசிரியர். அவ்வழி நம் கடற்கரையூர் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அறிந்ததே. சபர் சென்றவருக்கு ஊர் முகவரியில் கடிதம் வந்தால், வீட்டார் அதை அப்படியே வேறோர் உறையிலிட்டு, அவர் அப்போது தங்கியிருக்கும் ஊரின் முகவரி எழுதி அனுப்புவர். இந்நெறிமுறையில் அவ்வீட்டாருக்குத் தாயக முகவர் என்று பெயர். தங்குமிட முகவரிக்கு 'மே/பா' முகவரி என்று பெயரிடலாம். கருவி இடம் மாறுந்தோறும் தன் மே/பா முகவரியைத் தாயக முகவருக்குத் தெரிவிக்க வேண்டும். குறையும் நம் வீட்டுக் குறையே. துபாயில் அடுத்த தெருவில் இருப்பவர் எழுதிய கடிதமும் ஊருக்கு வந்துதான் துபாய்க்குத் திரும்பும். இதனை முக்கோண வழி என்று கூறி, பின்னர் வந்த பதிப்புகளில் நீக்க முயன்றனர்.

இதுவரை கண்ட அனைத்திலும் நகராத ஒருவர் இருக்கிறார். தளநிலையமோ, இணைப்பகமோ, தாயக முகவரோ, யாரோ ஒருவர் ஓரிடத்தில் அமர்ந்து, நடப்பவரைக் கணக்கில் வைத்திருக்கிறார். அமர்ந்தவர் எவருமே இல்லையென்றால்?

உடனமை வலை

'அட் ஹாக்' என்னும் இலத்தீன் தொடருக்கு 'இதற்கென' என்பது பொருள். அதனைத் 'தற்காலிக' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். இங்குக் காலம் குறுகியது என்பது முதன்மையன்று. தளநிலையம் இன்றி, கூடியிருக்கும் கருவிகளே அந்நேரத்துத் தேவைக்கென ஒன்றையொன்று பற்றி வலையாக அமைகின்றன என்பதே முதன்மை. எனவே 'உடனமை வலை' என்று இக்கட்டுரையில் குறிக்கிறேன். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மகிழ்வேன். இவ்வலையில் ஒவ்வொரு கருவியும் பேசுபவர்; அதே வேளையில் பிறர் பேச்சைச் சுமப்பவர்.

இதன் முன்னோடி 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை கலிபோர்னியாவில் நடத்திய சிப்ப வானொலி வலை. போர்க்களத்தில் தளநிலையம் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதே அம்முயற்சியின் தோற்றுவாய். எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தார் ஒரு வேனில் வானொலிக் கருவிகளைப் பொருத்தினர். 1976 ஆகஸ்ட் 27 அன்று போர்ட்டோலா பள்ளத்தாக்கில் சாலையோர விடுதி ஒன்றின் வெளிமேசையில் முனையத்தை வைத்து, அருகில் நின்ற வேன் வழியாக அர்ப்பாநெட்டிற்கு ஓர் அறிக்கையை அனுப்பினர். 1977 நவம்பர் 22 அன்று அதே வேன் பேஷோர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே அனுப்பிய சிப்பங்கள், அர்ப்பாநெட் வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் ஐரோப்பாவிற்குச் சென்று, இலண்டன் வழியாகத் திரும்பி, தென் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி ஒன்றை அடைந்தன. நேரே சென்றால் போய்வர 800 மைல். அச்சிப்பங்கள் சுற்றியதோ 94,000 மைல் என்றும், ஒரு துணுக்கும் தொலையவில்லை என்றும் விண்ட் செர்ஃப் பின்னாளில் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்தார்.

அவ்வலையிலும் தொடக்கத்தில் ஒரு நடுவண் கணிப்பொறி அமர்ந்து வழிகளை வகுத்தது. அது வீழ்ந்தால் வலையே வீழும். ஆகவே 1980களில் அதனை நீக்கி, ஒவ்வொரு வானொலியும் 7.5 நொடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன். இன்னாரை இத்தனை தாவலில் அடைவேன்' என்று அறிவிக்குமாறு செய்தனர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 7.5 நொடியில் 125 மீட்டர் சென்றுவிடும். அடுத்த அறிவிப்பு வரும்வரை அயலார் அனைவரும் அது பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பர்.

இந்த இடத்தில்தான் உடனமை வலையின் உண்மையான இடர் எனக்குப் புலப்பட்டது. கருவி நகர்வது இடரன்று. நகர்ந்தபின்னும் பழைய செய்தி நம்பப்படுவதே இடர். அ, ஆ, இ என மூன்று கருவிகள் வரிசையாக உள்ளன எனக் கொள்வோம். 'இ' விலகிச் சென்றுவிட்டது. 'ஆ' அதனைத் தேடுகிறது. "நான் இரண்டு தாவலில் 'இ'யை அடைவேன்" என்று 'அ' கூறுகிறது. அஃது 'ஆ'விடமிருந்தே முன்பு கேட்ட செய்தி என்பதை 'ஆ' அறியாது. 'அ இரண்டு என்றால் எனக்கு மூன்று' என எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு 'அ' நான்கு என்கிறது. 'ஆ' ஐந்து என்கிறது. ஊரில் வதந்தி வளர்வது போல எண் முடிவிலியை நோக்கி வளரும். 'இ'யோ எங்கும் இல்லை.

1994இல் பெர்க்கின்ஸும் பிரவின் பகவத்தும் கண்ட தீர்வு மிக எளியது. தன்னைப் பற்றிய செய்திக்கு வரிசை எண் இடும் உரிமை அதற்குரியவருக்கே என்றனர். 'இ' தன் அறிவிப்பு ஒவ்வொன்றிற்கும் 100, 102, 104 என இரட்டைப்படை எண் இடும். அதனோடு தொடர்பு அறுந்ததைக் கண்ட அயலார் மட்டும் 105 என ஒற்றைப்படை எண்ணிட்டு 'அறுந்தது' என்று பரப்பலாம். பெரிய எண்ணுடைய செய்தியே ஏற்கப்படும். வதந்திக்கு இனி இடமில்லை.

இதே காலத்தில் டேவிட் ஜான்சனும் டேவிட் மால்ட்ஸும் உருவாக்கிய முறையைப் படித்தபோது எனக்கு நபிமொழித் தொகுப்புகளே நினைவிற்கு வந்தன. வழி வேண்டும் கருவி 'இன்னாரைக் கண்டவர் உண்டா?' என்று ஒரு வினாவைப் பரப்புகிறது. அவ்வினா ஒவ்வொரு கருவியையும் கடக்கும்போது அக்கருவியின் பெயர் அதில் சேர்க்கப்படுகிறது. உரியவரை அடையும்போது யார் யார் வழியாக வந்தது என்னும் தொடர் முழுமையாக அதிலேயே இருக்கும். இதுவன்றோ ஸனது! பின்னர் அனுப்பும் ஒவ்வொரு சிப்பமும் அத்தொடரைச் சுமந்து செல்லும். தொடர் அறுந்த நபிமொழியை அறிஞர்கள் 'முன்கத்திஃ' எனத் தனியே பெயரிட்டுப் பலவீனமாகக் கருதினர். இங்கும் எந்த இருவருக்கிடையே தொடர் அறுந்தது என்பதைக் கண்டவர், பெயர் குறித்து மூலவருக்குத் திருப்பி அறிவிக்க வேண்டும். ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. ஸனது கடந்து வந்த வழிக்குச் சான்று. இஃது இனிச் செல்ல வேண்டிய வழிக்கும் ஆணையாகிறது.

தொடர் நீண்டால் சுமையும் நீளும். 2003 ஜூலையில் வெளியான ஏ.ஓ.டி.வி. நெறிமுறை அச்சுமையைத் தவிர்த்து, ஒவ்வொருவரும் 'அடுத்தவர் யார்' என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும் என்றது. பெர்க்கின்ஸின் வரிசை எண்ணும் இதில் உண்டு. அயலார் இருப்பதை அறிய நொடிக்கு ஒரு முறை 'ஹலோ' சொல்லலாம். இருமுறை கேளாவிடில் தொடர்பு அறுந்ததாகக் கொள்ளலாம் என்பது அதன் வழக்கமான அளவு. 60 கிலோமீட்டர் வேக வண்டிக்கு இந்த இரு நொடி 33 மீட்டர். 'ஹலோ'வை இன்னும் அடிக்கடி சொன்னால் விரைவில் அறியலாம், ஆனால் அனைவரும் ஹலோ சொல்லிக்கொண்டே இருந்தால் பேச அலைவரிசை எஞ்சாது, மின்கலமும் தீரும்.

கண்ணறை வலைக்கும் இதற்கும் மற்றொரு வேறுபாடு உண்டு. அங்கே நான் நடந்தால்தான் என் பேச்சுக்கு இடையூறு. இங்கே நானும் என்னோடு பேசுபவரும் அசையாதிருந்தாலும், இடையில் நின்று சுமந்தவர் எழுந்து போய்விட்டால் எங்கள் பேச்சு அறும். அவர் எங்களிடம் விடைபெறவும் கடமைப்பட்டவர் அல்லர். அவர் தம் வேலையாகப் போகிறார்.

கைமாற்று

இடையில் நிற்பவர் ஏன் சுமக்க வேண்டும்? அவர் மின்கலம் கரைகிறது. அவருக்கு அச்செய்தியால் பயனில்லை. தளநிலையத்திற்குக் கட்டணம் செலுத்துகிறோம். இவருக்கு எதுவும் தருவதில்லை. பிறர் சுமையை ஏற்காமல் தன் சுமையை மட்டும் பிறர் தலையில் ஏற்றும் கருவியைத் 'தன்னலக் கணு' என்று ஆய்வாளர்கள் குறித்தனர். 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், ஒவ்வொரு கருவியும் தான் கொடுத்த சிப்பத்தை அடுத்தவர் உண்மையில் அனுப்புகிறாரா என ஒற்றுக்கேட்டு அறியும் 'காவல்நாய்' முறையை முன்வைத்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். பிறர் சிப்பத்தைச் சுமந்தால் கருவிக்கு ஒரு சிறு காசு வரவாகும். தன் சிப்பத்தைப் பிறர் சுமக்க அக்காசைச் செலவிட வேண்டும். அக்காசிற்கு 'நக்லெட்' என்று பெயரிட்டனர்.

இதைப் படித்தபோது அடித்துவிட்ட அந்த விடை மீண்டும் கண்முன் வந்தது. கண்ணறை வலையில் நடப்பது ஒப்படைப்பே. அதிகாரமுடைய ஒருவர் மற்றொருவரிடம் பொறுப்பைக் கையளிக்கிறார். ஆணையும் பதிவேடும் உண்டு. உடனமை வலையில் நடப்பது அதுவன்று. எழுத்தில்லை, சாட்சியில்லை, இன்று என் சுமையை நீ ஏற்கிறாய், நாளை உன் சுமையை நான் ஏற்பேன் என்னும் நம்பிக்கை மட்டுமே உண்டு. சுமப்பவர் கையில் இருக்கும்வரை அச்சிப்பம் அமானிதம். திருப்பித் தராதவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் காவல்நாயும் காசும் தேவைப்பட்டன. தெருவில் கைமாற்று வாங்கியவரைப் பற்றியும் நாம் அப்படித்தானே விசாரித்து வைத்திருக்கிறோம்!

ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் விதியை இங்குத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து. தளநிலையங்களுக்கிடையே நிகழ்வதற்கு ஒப்படைப்பு. தளநிலையமில்லா வலையில் கருவிக்குக் கருவி சுமை கைம்மாறிச் செல்வதற்குக் கைமாற்று. உடனமை வலை தன் விளிம்பிலுள்ள வாயில் ஒன்றின் வழியாக இணையத்தை அடையும்போது ஒரே செய்திக்கு இரண்டும் நிகழும். வாயில்வரை கைமாற்று, நடந்துசெல்லும் கருவி ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு மாறுவது ஒப்படைப்பு. துறைக் கலைச்சொற்பட்டியலில் இரு சொற்களையும் எழுதியிருக்கிறேன். கணிப்பொறித் துறையினர் இன்னும் இசைவு தரவில்லை. 'கைமாற்று' என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள் என்கின்றனர். அந்த மாணவரின் விடைத்தாளில் அடித்ததை நீக்கி ஒரு மதிப்பெண் சேர்த்துவிட்டேன்.